பிரின்ட்எஃப் எழுதியது திரையில் உடனே தெரியாதது ஏன்? சி மொழியின் வெளியீட்டு பஃபர் குறித்து

செந்தூல் மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூரில் கணினித் துறையில் டிப்ளோமா படித்து வருகிறேன். சி மொழிப் பாடத்தின் ஒப்படைப்புக்காக, எல்ஆர்டி இலகு ரயில் பெட்டிக்குள் நிலையங்களின் பெயர் ஒவ்வொன்றாகத் தோன்றும் பலகையைப் போல ஒரு சிறு நிரல் எழுதினேன். கேஎல் சென்ட்ரல், பாசார் செனி, மஸ்ஜிட் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கேஎல்சிசி ஆகிய ஆறு பெயர்களும் ரோமன் எழுத்தில் ஓர் அணியில் உள்ளன. ஃபார் மடக்கில் ஒவ்வொரு பெயரையும், அதைத் தொடர்ந்து ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, மீண்டும் ஓர் இடைவெளி ஆகியவற்றையும் பிரின்ட்எஃப் மூலம் அச்சிட்டுவிட்டு, ஸ்லீப் செயற்கூற்றுக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்து ஒரு விநாடி காத்திருக்கச் சொல்கிறேன். விநாடிக்கு ஒரு பெயர் தோன்ற வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. ஆனால் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் இதை ஓட்டினால் ஆறு விநாடிகளுக்குத் திரை வெறுமையாக இருக்கிறது. அதன் பிறகு ஆறு பெயர்களும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன.

இதை விரிவுரையாளரிடம் காட்டியபோது, ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் புதுவரிக் குறியைச் சேர்க்குமாறு கூறினார். சேர்த்ததும் சரியாகிவிட்டது, ஆனால் பெயர்கள் ஒரே வரியில் வராமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு விளங்காதது வேறு. அதே நிரலின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, இன்னொரு டெர்மினலில் (கட்டளைச் சாளரத்தில்) டெய்ல் கட்டளையால் அந்தக் கோப்பைக் கவனித்தால், புதுவரிக் குறி இருந்தும் எல்லாப் பெயர்களும் கடைசியில்தான் வருகின்றன. கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ விண்டோஸ் கணினியில் எக்லிப்ஸ் என்னும் நிரலெழுதும் மென்பொருளை வைத்திருக்கிறார்கள், அங்கே "உங்கள் நிலையம் எது?" என்று கேட்கும் வரி, நான் விடையைத் தட்டச்சு செய்து முடித்த பிறகுதான் காட்சியளிக்கிறது.

ஸ்லீப் முதலில் நடந்து, பிரின்ட்எஃப் பிறகு நடக்கிறதா? அச்சிட்ட எழுத்துகள் அந்த ஆறு விநாடிகளும் எங்கே இருக்கின்றன? புதுவரிக் குறி டெர்மினலில் வேலை செய்து கோப்பில் வேலை செய்யாததற்குக் காரணம் என்ன? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பாயான் லெப்பாஸ் பொறியாளர் எழுதியது:

வணக்கம் தம்பி. உங்கள் நிரலில் ஆறே விநாடியில் கேஎல்சிசி வந்துவிடுகிறது. காலை வேளையில் அந்த வழித்தடத்தில் நின்றுகொண்டே போகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதல் ஐயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். வரிசை மாறவில்லை. பிரின்ட்எஃப் எழுதிய இடத்தில்தான் நடக்கிறது, அதற்குப் பிறகுதான் ஸ்லீப் நடக்கிறது. ஆனால் பிரின்ட்எஃப்பின் வேலை திரையில் எழுதுவதன்று. எஸ்டிடிஅவுட் என்ற வெளியீட்டு ஓடையிடம் எழுத்துகளை ஒப்படைத்தவுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்த ஓடை, உங்கள் நிரலின் சொந்த நினைவகத்திலேயே சி நூலகம் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு பஃபரில், அதாவது தற்காலிகத் தேக்கிடத்தில், அவற்றைச் சேர்த்து வைக்கிறது. அந்தப் பஃபரில் உள்ளதை இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கொண்டு சேர்ப்பது ரைட் என்னும் சிஸ்டம் கால், அதாவது நிரல் கெர்னலிடம் வைக்கும் வேண்டுகோள். ஆக, நீங்கள் காத்திருந்த ஆறு விநாடிகளும் பெயர்கள் உங்கள் நிரலுக்குள்ளேயே இருந்தன. லினக்ஸுக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது, டெர்மினலுக்கும் தெரியாது.

இதை என் சொல்லை நம்பி ஏற்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு நிரல் செய்யும் சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் ஸ்ட்ரேஸ் என்ற கருவியை உபுண்டுவில் நிறுவி, அதன் வழியாக உங்கள் நிரலை ஓட்டுங்கள். சிறு கோடு போட்ட முதல் வடிவத்தை ஓட்டினால், தொடக்கத்தில் வழக்கமாக வரும் வரிகளைக் கடந்த பிறகு, உறக்கத்திற்கான சிஸ்டம் கால் விநாடிக்கு ஒன்றாக ஆறு முறை வரும். அவற்றுக்கு நடுவே ரைட் ஒன்றுகூட இராது. எல்லாம் முடிந்து மெயின் என்னும் முதன்மைச் செயற்கூறு திரும்பிய பிறகு ஒரே ஒரு ரைட் வரும், அதன் இறுதியில் 76 என்ற எண் இருக்கும். ஆறு பெயர்களின் எழுத்துகள் இடைவெளிகளோடு 58, ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் வரும் மூன்று குறிகள் 18, ஆக 76 பைட். மொத்தமும் ஒரே மூட்டையாகப் போயிருக்கிறது. சிறு கோட்டுக்குப் பதிலாகப் புதுவரிக் குறி போட்ட வடிவத்தை அதேபோல் ஓட்டினால், ஒரு ரைட், ஓர் உறக்கம், ஒரு ரைட், ஓர் உறக்கம் என்று மாறி மாறி வருவதைக் காண்பீர்கள். இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பாதி விளங்கிவிடும்.

இப்படி ஏன் செய்து வைத்திருக்கிறார்கள் என்றால், சிஸ்டம் கால் என்பது மலிவான காரியமன்று. நிரல் தன் வேலையை நிறுத்தி, கெர்னலுக்குள் நுழைந்து, திரும்பி வர வேண்டும். ஒவ்வோர் எழுத்தாக எழுதும் புட்சார் கொண்டு பத்து லட்சம் எழுத்துகளை எழுதும் நிரலில் பஃபரே இல்லையென்றால் பத்து லட்சம் ரைட் நடக்கும். 4096 பைட் கொள்ளளவுள்ள பஃபர் இருந்தால் 245 ரைட் போதும். எழுபதுகளில், பெல் ஆய்வகத்தின் சிறிய கணினிகளில் மைக் லெஸ்க் எழுதிய உள்ளீட்டு வெளியீட்டு நூலகத்திலிருந்துதான் இன்றைய ஸ்டாண்டர்ட் ஐஓ வளர்ந்தது. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அது ஏறத்தாழ இன்று நாம் காணும் உருவத்தை அடைந்துவிட்டது. அந்தக் கணினிகளில் இந்தச் சிக்கனம் உயிர்நாடியாக இருந்தது. இன்றைய கணினிகளிலும் வேறுபாடு நன்றாகவே தெரியும்.

அடுத்து உங்கள் மூன்றாம் கேள்வி. ஓர் ஓடை மூன்று முறைகளில் ஒன்றில் இயங்கும். பஃபர் நிறைந்தால் மட்டுமே காலிசெய்வது முழு பஃபர் முறை. பஃபர் நிறைந்தாலோ புதுவரிக் குறி வந்தாலோ காலிசெய்வது வரி முறை. எதையும் தேக்கி வைக்காமல் அவ்வப்போதே அனுப்பிவிடுவது பஃபர் இல்லா முறை. எஸ்டிடிஅவுட் எந்த முறையில் தொடங்க வேண்டும் என்பதைச் சி தரநிலை முழுமையாக வரையறுக்கவில்லை; மறுமுனையில் இருப்பது மனிதர் கைவைக்கும் கருவியன்று என்று உறுதியாகத் தெரிந்தால், தெரிந்தால் மட்டுமே, முழு பஃபர் முறையில் இருக்கும் என்கிறது. லினக்ஸில் வழக்கமாக உள்ள குனு சி நூலகம் முதல்முறை எழுதும்போது மறுமுனை டெர்மினலா என்று கெர்னலிடம் விசாரிக்கிறது. டெர்மினல் என்றால் வரி முறை. கோப்பு அல்லது பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் கடத்தும் குழாய்) என்றால் முழு பஃபர் முறை. லினக்ஸில் பொதுவாக டெர்மினலுக்கு 1024 பைட்டும், கோப்புக்கும் பைப்புக்கும் 4096 பைட்டும் கொண்ட பஃபர் கிடைக்கும்.

ஆகவே புதுவரிக் குறிக்கு இயல்பாகவே ஏதோ ஆற்றல் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. வரி முறையில் இருக்கும் ஓடை மட்டுமே அதை மதிக்கிறது. கோப்புக்குத் திருப்பியவுடன் உங்கள் ஓடை முழு பஃபர் முறைக்குப் போய்விட்டது. அங்கே புதுவரிக் குறி மற்ற எழுத்துகளைப் போல ஒரு பைட், அவ்வளவுதான். உங்கள் பெயர்கள் மொத்தமும் 4096 பைட்டை நெருங்கக்கூட இல்லை என்பதால், நிரல் முடியும்வரை கோப்பு வெறுமையாகவே இருந்தது. டீ கட்டளைக்குப் பைப் போட்டு, திரையிலும் கோப்பிலும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்றாலும் இதே கதைதான், ஏனெனில் உங்கள் நிரலுக்கு எதிரே இருப்பது திரையன்று, பைப்.

தீர்வு ஒற்றை வரி. பிரின்ட்எஃப்புக்கு அடுத்து, ஸ்லீப்புக்கு முன்னதாக, எஃப்ஃப்ளஷ் செயற்கூற்றை எஸ்டிடிஅவுட் கொடுத்து அழையுங்கள். பஃபரில் உள்ளதை அந்தக் கணமே கெர்னலிடம் ஒப்படைக்கும். சிறு கோட்டுடன், ஒரே வரியில், விநாடிக்கு ஒரு பெயராக வரும். கோப்புக்குத் திருப்பினாலும் அப்படியே வரும்.


செந்தூல் மாணவன் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. ஸ்ட்ரேஸ் வழியாக ஓட்டினேன். நீங்கள் சொன்ன 76 அப்படியே வந்தது. எஃப்ஃப்ளஷ் சேர்த்ததும் இரண்டு இடங்களிலும் சரியாக வருகிறது.

இருப்பினும் இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. உபுண்டு டெர்மினலில் "உங்கள் நிலையம் எது?" என்ற கேள்வியைப் புதுவரிக் குறி இல்லாமல்தான் அச்சிடுகிறேன், எஃப்ஃப்ளஷும் இல்லை, ஆயினும் விடையைப் படிக்கும் ஸ்கேன்எஃப் காத்திருக்கும்போது கேள்வி திரையில் தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் கூறிய விதிப்படி அது தெரியக் கூடாதல்லவா? மற்றொன்று: ஒவ்வோர் இடத்திலும் எஃப்ஃப்ளஷ் எழுதுவதற்குப் பதிலாக, மெயினின் தொடக்கத்தில் பஃபரையே நிறுத்திவிட்டால் என்ன?


பிரிக்பீல்ட்ஸ் நிரலாளர் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி, முதல் ஐயத்திற்கு நான் விடை தருகிறேன்.

வரி முறைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. உள்ளீட்டு ஓடையில் எழுத்து தீர்ந்துபோய், கெர்னலிடம் புதிதாகக் கேட்க வேண்டிய நிலை வரும்போது, வரி முறையில் உள்ள வெளியீட்டைக் காலிசெய்துவிட வேண்டும் என்பது சி தரநிலை முன்வைக்கும் எதிர்பார்ப்பு; ஆனால் அது கட்டாயமன்று, ஒவ்வொரு நூலகமும் தன் விருப்பப்படி நடந்துகொள்ளலாம். குனு சி நூலகம் இதைப் பின்பற்றுகிறது. ஸ்கேன்எஃப் டெர்மினலிலிருந்து படிக்கப் போகும் தருணத்தில், வரி முறையில் இருக்கும் எஸ்டிடிஅவுட்டை அது தானாகவே காலிசெய்துவிடுகிறது. உபுண்டுவில் உங்கள் கேள்வி தெரிவது இதனால்தான். கவனியுங்கள், இது நூலகம் செய்யும் உபகாரம். அதை நம்பி எழுதிய நிரல் வேறு சூழலுக்குப் போனவுடன் ஏமாற்றும்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் நடப்பது அதுவே. விண்டோஸில் எக்லிப்ஸின் பழைய பதிப்புகள், உங்கள் நிரலை ஒரு டெர்மினலோடு இணைப்பதில்லை. நிரலின் வெளியீட்டைப் பைப் வழியாக வாங்கித் தன் கன்சோல் பகுதியில் காட்டுகின்றன. நிரலின் பார்வையில் எதிரே மனிதர் இல்லை, பைப்தான் இருக்கிறது. ஆகவே முழு பஃபர் முறை. அதே கணினியில் எக்லிப்ஸை விட்டு வெளியேறி, விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் நேரடியாக ஓட்டிப் பாருங்கள், கேள்வி முதலில் வரும். ஒப்படைப்பைத் திருத்துபவர் எதில் ஓட்டிப் பார்ப்பார் என்று நமக்குத் தெரியாது. எனவே விடைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் எஃப்ஃப்ளஷ் எழுதிவிடுங்கள். அதை நான் விருப்பத் தேர்வாகவே கருதுவதில்லை.

விண்டோஸைப் பற்றி இன்னொன்று. செட்வீபஃப் என்ற செயற்கூறு ஓடையின் முறையை மாற்ற உதவும் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். மைக்ரோசாப்டின் சி நூலகத்தில் வரி முறை என்பதே கிடையாது. வரி முறை வேண்டும் என்று கேட்டாலும் முழு பஃபர் முறையைத்தான் கொடுக்கும். அதோடு, அந்த அழைப்பில் பஃபரின் அளவைச் சுழியம் என்று கொடுத்தால் அதைத் தவறான மதிப்பாகக் கொள்ளும், நிரல் அங்கேயே நின்றுவிடவும் கூடும். லினக்ஸில் பழகிய வரியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அங்கே ஒட்டக் கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மாணவர்களின் நிரல்களில் இதை அடிக்கடி காண்கிறேன். ஸ்கேன்எஃப்புக்குப் பிறகு எஞ்சிய எழுத்துகளை ஒழிப்பதற்காக எஃப்ஃப்ளஷை எஸ்டிடிஇன் என்ற உள்ளீட்டு ஓடையைக் கொடுத்து அழைக்கிறார்கள். எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கானது. உள்ளீட்டு ஓடைக்கு அதைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்று சி தரநிலை வரையறுக்கவே இல்லை. எஞ்சியதை ஒழிக்க, புதுவரிக் குறியோ கோப்பின் முடிவோ வரும்வரை கெட்சார் கொண்டு படித்துத் தள்ளுவதே நேர்வழி.

பஃபரையே நிறுத்துவது குறித்து பொறியாளர் அண்ணன் எழுதினால் நன்றாக இருக்கும். என் கருத்து: ஒப்படைப்பு அளவுக்கு அது குற்றமில்லை. எக்லிப்ஸில் வேலை செய்ய வேண்டிய நூறு வரி நிரலில் மெயினின் முதல் வரியாக அதைப் போட்டுவிட்டால் தலைவலி தீரும்.


பாயான் லெப்பாஸ் பொறியாளர் எழுதியது:

நண்பரோடு நான் சற்று மாறுபடுகிறேன். நூறு வரி நிரலில் குற்றமில்லை என்பது உண்மைதான், ஆனால் பழக்கம் நூறு வரியோடு நிற்பதில்லை.

பஃபரை நிறுத்தினால் ஒவ்வொரு புட்சாருக்கும் ஒரு ரைட் நடக்கும். குனு சி நூலகத்தில் பிரின்ட்எஃப் மட்டும் கொஞ்சம் தப்பிக்கும். ஓர் அழைப்பின் எழுத்துகளைத் தற்காலிகமாக ஓரிடத்தில் சேர்த்து அனுப்பிவிடும். ஆனாலும் ஆயிரக்கணக்கான வரிகளை ஒரு கோப்புக்கு எழுதும் நிரலுக்கு அது வீண் சுமை. எந்த இடத்தில் எதிரே ஒருவர் காத்திருக்கிறார் என்பது நிரலை எழுதுகிறவருக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் மட்டும் எஃப்ஃப்ளஷ் போடுவதே முறை. விழுக்காடு காட்டும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். வரியின் தொடக்கத்திற்குத் திரும்பும் குறியை வைத்து, அதே இடத்தில் 10, 20, 30 என்று எண்ணை மாற்றிக்கொண்டே போவோம். அந்தக் குறி புதுவரிக் குறியன்று, ஆதலால் வரி முறையில்கூட அது பஃபரைக் காலிசெய்யாது. அங்கே எஃப்ஃப்ளஷ் தவிர வேறு வழியில்லை.

முறையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த ஓடையில் வேறெதுவும் செய்வதற்கு முன்பாகச் செட்வீபஃப்பை அழைத்துவிட வேண்டும்; ஒரு பிரின்ட்எஃப் நடந்த பிறகு அழைப்பதைத் தரநிலை அனுமதிக்கவில்லை. மெயினுக்குள் ஓர் உள்ளூர் அணியை அறிவித்து, அதையே பஃபராகக் கொடுக்கிறவர்களும் உண்டு. மெயின் முடிந்ததும் அந்த அணியின் ஆயுள் முடிந்துவிடுகிறது. ஆனால் பஃபரைக் காலிசெய்யும் கடைசி வேலை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. இல்லாத நினைவகத்திலிருந்து எழுதும் நிலை அது. அணி வேண்டுமானால் ஸ்டாட்டிக் என்று அறிவியுங்கள், அல்லது நல் (NULL, வெற்றுச் சுட்டி) கொடுத்து நூலகத்திடமே விட்டுவிடுங்கள்.

திரையில் தாமதமாக வருவது சிறிய தொல்லை. பெரிய தொல்லை, எழுத்துகள் வராமலேயே போவது. மெயின் திரும்பினாலும், எக்ஸிட் அழைக்கப்பட்டாலும் எல்லா ஓடைகளும் காலிசெய்யப்படும். நினைவகப் பிழையால் நிரல் செத்தாலோ, கன்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தி நிறுத்தினாலோ, வெளியிலிருந்து கில் கட்டளையால் கொன்றாலோ, பஃபரில் இருந்தது பஃபரோடு போய்விடும். இங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்களோடு எனக்கு வேலை. அவற்றின் சோதனை நிரல்கள் பதிவேட்டுக் கோப்புக்கு எழுதுகின்றன, அதாவது முழு பஃபர் முறை. ஒரு நிரல் நடுவில் விழுந்துவிட்டால், பதிவேட்டின் கடைசி வரி பெரும்பாலும் பாதிச் சொல்லோடு அறுந்து நிற்கும். 4096 பைட்டின் எல்லை எங்கே விழுந்ததோ அங்கே. புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தக் கடைசி வரியைப் பார்த்து, அந்தப் படியில்தான் பிழை என்று முடிவுசெய்து, அங்கேயே தேடிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் நிரல் அதைக் கடந்து வெகுதூரம் போயிருக்கும். அதற்கான சான்றுதான் பஃபரோடு அழிந்துவிட்டது.

பிரின்ட்எஃப் போட்டுப் பிழை தேடும் எல்லாருக்கும் இது பொருந்தும். "இதுவரை வந்துவிட்டேன்" என்ற வரி தெரியவில்லை என்பதால் நிரல் அதுவரை வரவில்லை என்று கொள்ளக் கூடாது. அத்தகைய வரிகளை எஃப்பிரின்ட்எஃப் கொண்டு எஸ்டிடிஎரர் என்ற பிழைச்செய்தி ஓடைக்கு எழுதுங்கள். அந்த ஓடை முழு பஃபர் முறையில் தொடங்கக் கூடாது என்று தரநிலையே கட்டளையிடுகிறது. லினக்ஸில் அதற்குப் பஃபரே இல்லை. இதற்கொரு பக்கவிளைவும் உண்டு. இரண்டு ஓடைகளையும் ஒரே கோப்புக்குத் திருப்பினால், எஸ்டிடிஎரரின் வரிகள் முதலிலும் எஸ்டிடிஅவுட்டின் வரிகள் பின்னாலும் வந்து, நடந்த வரிசைக்கு முரணாகத் தெரியும். அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்காக ஒரு குறிப்பையும் சேர்க்கிறேன். உங்கள் நிலையங்களின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் வைத்தால், யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆகும். "கே" என்பது ககரமும் ஏகாரக் குறியும் சேர்ந்தது என்பதால் ஆறு பைட். 4096ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். நெடிய தமிழ்ப் பனுவலைப் பைப்பில் அனுப்பும்போது, பஃபர் நிறைந்து அனுப்பப்படும் இடம் ஓர் எழுத்தின் நடுவே விழ முடியும். மறுமுனையில் படிக்கும் நிரல், வந்த ஒவ்வொரு துண்டையும் முழுப் பனுவலாகக் கருதிக் காட்டினால், ஆங்காங்கே கேள்விக்குறியோ கட்டமோ தோன்றும். எழுத்துருவைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபார்ப்பது நல்லது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் காலிசெய்து, வரிகளும் பஃபரைவிடச் சிறியவையாக இருந்தால், இந்தச் சிக்கல் எழுவது அரிது.


பட்டர்வொர்த் வாசகர் எழுதியது:

ஐயா எழுதியவற்றோடு, ஓடும் நிரலைப் படியெடுத்து இன்னொன்றை உருவாக்கும் ஃபோர்க்கையும் சேர்த்துக்கொள்ளலாம், ஏனெனில் இயங்குதளப் பாடத்திற்கு வந்ததும் மாணவர்கள் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஒரு வரியைப் புதுவரிக் குறியோடு அச்சிட்டுவிட்டு ஃபோர்க்கை அழைக்கும் நிரலை டெர்மினலில் ஓட்டினால் வரி ஒருமுறை வரும். அதே நிரலைக் கோப்புக்குத் திருப்பினால் இருமுறை வரும். ஃபோர்க் நினைவகத்தைப் படியெடுக்கும்போது, காலியாகாத பஃபரையும் சேர்த்தே படியெடுக்கிறது. தாய், சேய் இரண்டும் முடியும்போது தத்தம் பஃபரைக் காலிசெய்கின்றன. ஃபோர்க்குக்கு முன்னால் எஃப்ஃப்ளஷை அழைக்க வேண்டும். நல் கொடுத்து அழைத்தால் எல்லா வெளியீட்டு ஓடைகளும் ஒரே அடியில் காலியாகும். சேய் உடனே முடியப்போகிறது என்றால், அடிக்கோட்டில் தொடங்கும் எக்ஸிட்டைக் கொண்டு அதை முடிக்கலாம். அது பஃபர்களைத் தொடாது.

மூலநிரல் கையில் இல்லாத நிரல்களுக்கு ஸ்டிடிபஃப் என்ற கட்டளை இருக்கிறது. குனு கோர்யூடில்ஸ் தொகுப்பில் 2009இல் வந்தது. நிரல் ஏற்றப்படும்போதே ஒரு சிறு நூலகத்தை உள்ளே நுழைத்து, ஓடைகளின் முறையை மாற்றிவிடும். நூலகங்களைத் தனக்குள்ளேயே பொதிந்து கட்டப்பட்ட நிரல்களிடமும், தாமாகவே செட்வீபஃப் அழைக்கும் நிரல்களிடமும் இது பலிக்காது. வரிகளைத் தேடும் கிரெப் போன்ற கருவிகளுக்கு வரி வரியாக அனுப்பச் சொல்லும் சொந்தத் தெரிவே உண்டு. பைப்புகளை நீளமாகக் கோக்கும்போது எது எங்கே தேக்குகிறது என்று தேட அது உதவும்.


செந்தூல் மாணவன் எழுதியது:

அண்ணன்மார்களுக்கும் ஐயாவுக்கும் நன்றி. கேள்விகளுக்குப் பின்னால் எஃப்ஃப்ளஷும், பிழை தேடும் வரிகளுக்கு எஸ்டிடிஎரரும் என்று மாற்றிவிட்டேன். ஆய்வுக்கூடத்து எக்லிப்ஸிலும் இப்போது கேள்வி முதலில் வருகிறது. கடைசியாக ஒன்று மட்டும்: எஃப்ஃப்ளஷ் திரும்பிவிட்டால், கோப்புக்கு எழுதியது வட்டில் பத்திரமாகச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா?


பாயான் லெப்பாஸ் பொறியாளர் எழுதியது:

கொள்ளக் கூடாது தம்பி. எஃப்ஃப்ளஷ் உங்கள் நிரலின் பஃபரிலிருந்து கெர்னலிடம் கொண்டு சேர்ப்பதோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு உங்கள் நிரல் செத்தாலும் அந்த எழுத்துகள் பிழைத்துக்கொள்ளும், மற்ற நிரல்களும் அவற்றைப் படிக்கலாம். ஆனால் கெர்னலும் அவற்றைத் தன் நினைவகத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் வட்டுக்கு எழுதுகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் அவையும் போய்விடும். அதுவும் ஆகாது என்கிற இடத்தில், எஃப்ஃப்ளஷுக்குப் பிறகு அந்தக் கோப்பின் எண்ணைக் கொடுத்து எஃப்சிங்க் அழைக்க வேண்டும். அது உண்மையிலேயே நேரம் பிடிக்கும் காரியம், வரிக்கு ஒருமுறை அழைத்தால் நிரல் ஊர்ந்து போகும். உங்கள் நிலையப் பலகைக்கு அது தேவைப்படாது.